அவள் சொன்னதாகச் சொன்னது

காலையில் எழுந்ததும் தண்ணீர் மோட்டாரைப் போடுவேன். தொட்டி நிரம்பும்வரை அடுப்படியில் நிற்பேன். காப்பி போட்டு மாமியாருக்கு ஒரு டம்ளர் மூடி வைப்பேன். அந்த நேரத்தில் அவர் ஜெபத்தில் இருப்பார். குளிப்பேன். சட்டையைத் தேய்ப்பேன். கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கி இருக்கிறது. அதில் ஒரு துணிப்பை, பைக்குள் கறுப்பு ஷூ ஒரு ஜோடி. பைக்குப் பின்னால் சாவி. பையை ஒதுக்கிவிட்டுச் சாவியை எடுப்பேன். செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்குவேன். படி முடியும் இடத்தில் என் வேலை ஆரம்பிக்கும்.

தெருவில் கால் வைக்கத் தேவையில்லை. மேலே வீடு, கீழே ஸ்டூடியோ, பக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கும் ஜெப மண்டபம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கேட். சில வாரங்களில் நான் அந்த கேட்டைத் தாண்டியதே இல்லை. அது எனக்குத் தோன்றவும் இல்லை.

ஸ்டூடியோ ஜன்னல் இல்லாத அறை. சத்தம் எதிரொலிக்காமலிருக்கச் சுவர் முழுக்கச் சாம்பல் நிற ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கும். அங்கே உட்கார்ந்து சாட்சிகளை வெட்டுவது என் வேலை. கூட்டங்களில் ஜனங்கள் மைக்கைப் பிடித்து ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சொல்வார்கள். அதுதான் சாட்சி. யாரும் நேராகச் சொல்வதில்லை. இருமுவார்கள். மூக்கைச் சிந்துவார்கள். “அது செவ்வாக்கெழமன்னு நெனைக்கிறேன், இல்ல, புதனா” என்பார்கள். நான் இருமலை எடுப்பேன். மூச்சை எடுப்பேன். ‘நெனைக்கிறேன்’ வரும் இடத்தையெல்லாம் எடுப்பேன். அதை எடுத்துவிட்டால் எந்தச் சாட்சியும் உறுதியாகிவிடும்.

மச்சானின் பிரசங்கங்களையும் நான்தான் வெட்டுகிறேன். பண ஆசையைப் பற்றி அவர் நன்றாகப் பேசுவார். அது ஆத்துமாவுக்கு வைத்த கண்ணி என்பார். உள்ளே போகும்போது தெரியாது, திரும்பும்போதுதான் தெரியும் என்பார். அந்த இடத்தில் திரைக்குக் கீழே வங்கிக் கணக்கு எண் ஓடும். அதை ஓடவிடுவதும் நான்தான்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். ஊழியக்காரர். விசுவாசிகள் ஐயா என்பார்கள். முன்பு ஒரு கார் ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஜெபக்கூட்டம் நடத்தியவர். மழை பெய்தால் நாற்காலியைத் தன் சட்டைத் துணியாலேயே துடைப்பாராம். இதைச் சொன்னது அவள்தான். “எங்க அண்ணன் தங்கமானவன். மைக் கைக்கு வந்தா மட்டும் கொஞ்சம் நீண்டுடுவான்” என்பாள்.

நெஞ்சு வியாதியில் அவள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

மண்டபத்தின் முகப்பில் அவள் படம் இருக்கிறது. எங்கள் கல்யாணப் போட்டோவிலிருந்து எடுத்தது. பக்கத்தில் நின்ற என்னை வெட்டி எடுத்ததும் நான்தான். தோளில் மட்டும் என் விரல் ஒன்று மிச்சமிருந்தது. அதையும் அழித்தேன். படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில், ‘என் நகையெல்லாம் ஆண்டவருக்கு. அவருக்கு ஒரு வீடு கட்டுங்கள்.’ அதற்கும் கீழே சின்ன எழுத்தில், ‘சகோதரியின் கடைசி வார்த்தை.’

அவள் அப்படிச் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். மச்சான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மாப்ளே, கடைசியா நீங்கதான பக்கத்துல இருந்தீங்க?”

தலையாட்டினேன்.

“ஆண்டவரப் பத்திப் பேசினாளா?”

தலையாட்டினேன்.

“நகைய ஊழியத்துக்குக் குடுத்துரணும்னு எங்கிட்ட ஒருநாள் சொல்லிட்டிருந்தா. அதையும் சொல்லியிருப்பா, இல்ல?”

தலையாட்டினேன். அன்றைக்கு யார் எதைக் கேட்டாலும் நான் தலையாட்டினேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டதற்கும் அதே தலையாட்டல்தான். நான் சாப்பிட்டிருக்கவில்லை.

அன்று சாயங்காலக் கூட்டத்தில் என் தலையாட்டல் வார்த்தையாகிவிட்டது. மச்சான் மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை. தங்கை கண் மூடும்போது என்ன சொன்னாள் தெரியுமா என்று கேட்டார். சொன்னார். என் மாமியார் எழுந்து போய் மகளின் நகைப் பையை மேடையில் வைத்தார். பின்னாலேயே ஒரு பெண் தன் வளையலைக் கழற்றினாள். அப்புறம் வரிசை. நான் முதல் நாற்காலியில் உட்கார்ந்து அந்த வரிசையைப் பார்த்தேன். எழுந்து நின்று இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் மண்டபத்துக்குக் கல் வந்து இறங்கியது.

பிறகு எல்லாம் தானாக நடந்தது. வாடகை வீட்டைக் காலிசெய்தோம். மாமியாரும் நானும் இந்த மாடிக்கு வந்தோம். கல்யாண வீடியோ கடையில் இருந்த என் வேலை போய் இந்த வேலை வந்தது. சம்பளம் அதைவிடக் கூட.

திறப்பு விழாவுக்காக அவளைப் பற்றி ஒரு சிறு படம் செய்தோம். டப்பிங் பேசும் பெண் ஒருவர் வந்தார். நல்ல குரல். முதல் தடவையிலேயே சரியாகப் பேசினார். “இன்னும் கொஞ்சம் மூச்சு வாங்குற மாதிரி” என்றார் மச்சான். அப்படியும் பேசினார். போகும்போது “பாவம் சார் அந்தம்மா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வாக்கியத்தை நான் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. படத்தோடு பொருத்த வேண்டும், இசையை இறக்கி ஏற்ற வேண்டும். கேட்கக் கேட்க என் மனைவியின் குரல் என்னைவிட்டுப் போக ஆரம்பித்தது. முதலில் அவள் என்னைத் திட்டும் குரல் போனது. அப்புறம் போனில் ஹலோ சொல்லும் குரல். அவளை நினைத்தால் டப்பிங் பெண் பேசினாள். இந்த ஊழியத்தில் குரலைப் பிரித்தெடுக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். என்னால் பிரிக்க முடியவில்லை.

ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. உண்மையிலேயே அவள் கடைசியாகச் சொன்னது. அது இன்னும் அவள் குரலிலேயே கேட்டது. நான் யாரிடமும் சொல்லாததால் யார் கையும் படாமல் இருந்தது.

மண்டபம் முடியும் தறுவாயில் மச்சான் ஸ்டூடியோவுக்கு வந்தார். கதவைச் சாத்தினார். அந்த அறையில் கதவைச் சாத்தினால் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

“மாப்ளே, மேல் வீட்ட உங்க பேருக்கே எழுதிடலாம்னு இருக்கேன்.”

ஓடிக்கொண்டிருந்த சாட்சியை நிறுத்தினேன்.

“பத்திரம் ரெடி. அம்மாவுக்கும் கடைசிக் காலத்துல ஒரு நிம்மதி. அவ இருந்து பாக்கலியேன்னுதான்.” கொஞ்ச நேரம் ஸ்பாஞ்சை விரலால் அழுத்திக்கொண்டிருந்தார். “மண்டபக் கமிட்டில ஒருத்தர் என்ன கேக்கறார்னா, எல்லாரும் சொல்றீங்க, பக்கத்துல இருந்த மாப்பிள்ள ஒருநாளும் வாயத் தொறந்து சொன்னதில்லையேன்னு. மனுஷன் அக்கவுண்டன்ட், அப்படித்தான் கேப்பார். நீங்க ஒரே ஒரு தடவ கேமரா முன்னால சொல்லிட்டீங்கன்னா விஷயம் முடிஞ்சுது.”

“நான் பேசிப் பழக்கம் இல்ல மச்சான்.”

“பேச வேண்டாம். ஒரு வரி. மத்தத நீங்களே வெட்டிக்கப் போறீங்க.” சிரித்தார். “டாக்டருக்கே வைத்தியமா?”

அவருக்கு உண்மை தெரியுமா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். தெரியாது என்றுதான் படுகிறது. அவர் என்னைக் கேட்டார், நான் தலையாட்டினேன். அதற்கு மேல் கேட்காமல் இருப்பதற்கு அவருக்கு ஒரு மண்டபம் அளவு காரணம் இருந்தது. எனக்கு ஒரு வீடு அளவு.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு பால்கனி உண்டு. காலை வெயில் நேராக அதில் விழும். வாடகை வீட்டில் துணி காயாது. அறைக்குள்ளேயே கொடி கட்டி, ஈரச் சட்டைகளுக்குக் கீழே குனிந்து நடப்போம். “துணி காயப்போட ஒரு பால்கனி கிடைச்சாப் போதும். மோட்சத்துல பாதி வந்துரும்” என்பாள். இப்போது பால்கனி இருக்கிறது. என் சட்டைகள் சீக்கிரம் காய்ந்துவிடுகின்றன.

நான் பண ஆசை பிடித்தவன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். சம்பளத்தைக்கூட எண்ணிப் பார்க்காதவன். ஆனால் பத்திரம் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று யோசித்தேன். பால்கனியில் பிரம்பு நாற்காலி கொள்ளுமா என்று சாண் போட்டுப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் கண்ணை மூடினேன். ஆண்டவர் வரவில்லை. பால்கனி வந்தது. கண்ணைத் திறந்துவிட்டு மறுபடி மூடினேன். மறுபடியும் பால்கனிதான். பணம் என்னிடம் பணமாக வந்திருந்தால் அடையாளம் கண்டிருப்பேன்.

கேமரா முன்னால் அந்த வரியை என் வாயால் சொன்னால் மிச்சமிருக்கும் அந்த ஒரு குரலும் போய்விடும். இது எனக்கு நன்றாகத் தெரிந்தது. சரி என்றுதான் மச்சானிடம் சொன்னேன்.

மண்டபத்துக்குத் தரை போடுகிறவர் ஒரு டைல்ஸ்காரர். மண்டபத்தின் பின்சுவரை ஒட்டி அவர் வீடு. இரண்டு அறை. கூலி வாங்காமல் வேலை செய்தார். மத்தியானம் ஸ்டூடியோ வாசலில் வந்து உட்கார்வார். அங்கே மட்டும்தான் ஏ.சி. காற்று கதவிடுக்கு வழியாக வரும்.

“உள்ள வந்து உக்காருங்களேன்” என்பேன்.

“வேணாம் சார். இந்த உடம்புக்குக் கசியுற காத்தே போதும். முழுசாப் பட்டா வேலைக்கு எழுந்திருக்காது.”

ஒருநாள் அவரிடம் கேட்டேன், கூலி வாங்கினால் என்ன என்று.

“உங்க வீட்டம்மா போட்டிருந்ததயே கழட்டிக் குடுத்துட்டாங்க. நான் கைக்கு வராததத்தான வேணாங்கறேன். இதுல என்ன இருக்கு?” முழங்காலில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டினார். “எங்க வீட்லயும் அதே நெஞ்சு வியாதிதான் சார். டாக்டர் ஒண்ணும் செய்யறதுக்கில்லன்னுட்டாங்க.”

எனக்கு அதுவரை தெரியாது. ஹெட்போன் ஒயரைச் சுற்றினேன்.

“சாவுக்குக்கூட பயப்படல சார் அவ. பேசறதுக்குத்தான் பயப்படறா.”

“பேசறதுக்கா?”

“முன்னெல்லாம் வாய் ஓயாது. கேஸ மூடினியா, துணி காஞ்சுதா, பக்கத்து வீட்டுக்காரி கிண்ணத்தத் திருப்பித் தந்தாளா. ஒரு கிண்ணம் சார், கைப்பிடிகூட கிடையாது. அதுக்கு ஒரு மாசமா பேச்சு. நானே சொல்லுவேன், கொஞ்சம் நிறுத்து தாயேன்னு. இப்ப நிறுத்திட்டா.” சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. “எப்ப மூச்சு நிக்கும்னு தெரியாதுல்ல. கிண்ணத்தப் பத்திப் பேசிட்டிருக்கறப்ப நின்னுட்டா? அதுவே கடைசி வார்த்தையாப் போயிடுமே, ஆண்டவர் மொகத்துல எப்படி முழிக்கிறதுன்னு கேக்கறா. அதனால வாயையே தொறக்கறதில்ல. தண்ணி வேணும்னாக்கூட கையத்தான் காட்டறா. உங்க வீட்டம்மா சொன்னாங்கல்ல, அத மட்டும் மனசுக்குள்ள சொல்லிப் பழகறா. நகை இல்லாததால வீடுன்னு மாத்திக்கிட்டா. என் வீடு ஆண்டவருக்குன்னு.”

“வீட்டையா?”

“அவ பேர்லதான் இருக்கு. மாமனார் குடுத்தது.” தலையைச் சொறிந்தார். “நல்ல விஷயந்தான். நான் எங்கயாவது படுத்துக்குவேன். ஆனா சார், வீட்ல ஒரு சத்தமும் இல்ல. உள்ள போனா இந்த உங்க ரூமுக்குள்ள வந்த மாதிரி இருக்கு. அதான் தாங்கல.”

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. முந்தின நாள் சாயங்காலம் பத்திரத்தின் நகலைப் படித்துப் பார்க்கச் சொல்லி மச்சான் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதில் என் பெயர் அச்சில் இருந்தது. என் பெயரை அவ்வளவு அழகான எழுத்தில் அதுவரை நான் பார்த்ததில்லை. டைல்ஸ்காரரிடம் “ஜெபம் பண்ணிக்கறேன்” என்றேன். நான் ஜெபம் பண்ணவில்லை.

அவர் மச்சானிடமும் சொல்லியிருக்கிறார். மச்சான் அடுத்த நாளே என்னிடம் வந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

“ஆண்டவர் ரெண்டாவது சாட்சியக் குடுத்துட்டார் மாப்ளே. வண்டி நிறுத்த இடம் இல்லையேன்னு கமிட்டி மண்டைய உடைச்சுக்கிட்டிருக்கு. அவர் பின்பக்கமாவே வழி தொறக்கறார் பாருங்க. அந்தம்மா பேசறத நேர்ல போய் எடுத்துடலாம். பக்கத்துலயே உக்காந்து உங்க வரியும். ரெண்டையும் சேத்துப் போட்டா எந்த அக்கவுண்டன்ட் வாயத் தொறப்பான்?”

“அவங்களுக்கு உடம்பு முடியல மச்சான்.”

“அதனாலதான் சீக்கிரம் போவோங்கறேன். அப்படியே வந்து பத்திரத்துலயும் கையெழுத்துப் போட்டுடலாம்.”

படம் எடுக்கப் போகும் நாள் காலையிலும் மோட்டாரைப் போட்டேன். காப்பி போட்டேன். சட்டையைத் தேய்த்தேன். சாவிக்காகப் பையை ஒதுக்கியபோது பின்னால் மாமியார் நின்றார்.

“இன்னைக்காவது இதப் போட்டுட்டுப் போங்க மாப்பிள்ள. படம் எடுக்கறாங்களே. அவ ஆசையா வாங்கினது.”

அவள் ஒரு மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். முதல் போனஸில் எனக்கு இந்த ஷூவை வாங்கினாள். வீட்டுக்கு வந்த பிறகு விலையை நினைத்து அவளுக்கே தூக்கம் வரவில்லை. அடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைக் கிழிக்க விடவில்லை. “ஒருவேள திருப்பிக் குடுக்கணும்னா?” என்றாள். அப்படியே அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போட்டுக்கொண்டு போனேன். முழங்காலில் நின்று ஜெபித்தோம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் சிரித்தாள். “பின்னால இருந்தவங்க ஒருத்தரும் கண்ண மூடல. உன் வெலயப் படிச்சுட்டிருந்தாங்க.” தனியாக இருக்கும்போது என்னை நீ என்பாள். அம்மா இருந்தால் நீங்க.

பையிலிருந்து ஷூவை எடுத்தேன். கயிற்றைக் கட்டினேன். மாமியார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மாப்பிள்ள.”

“சொல்லுங்க அத்த.”

“நான் அன்னைக்கு மருந்து வாங்கக் கீழ போயிருந்தேன். நீங்கதான் கூட இருந்தீங்க. அவ நெஜமாவே...” நிறுத்தினார். முந்தானையால் வாயைத் துடைத்தார். “வேணாம். சொல்லாதீங்க. நகைய என் கையாலதான் கொண்டுபோய் வச்சேன். இனிமே எனக்குத் தெரிய வேண்டாம்.”

“அத்த.”

“போயிட்டு வாங்க. பத்திரத்துல கையெழுத்துப் போட மறந்துடாதீங்க. எனக்கு இன்னொரு வீடு மாற ஒடம்புல தெம்பில்ல.”

படியில் இறங்கும்போது ஷூ புதிதாகச் சத்தம் போட்டது. நாங்கள் கேட்டைத் தாண்டி, சுவரைச் சுற்றிக்கொண்டு, பின்தெருவுக்குப் போனோம். மச்சான் முன்னால் நடந்தார். நான் கேமராவும் ஸ்டாண்டும் தூக்கிக்கொண்டு பின்னால்.

டைல்ஸ்காரர் வீட்டு வாசல் சின்னது. மச்சான் செருப்பைக் கழற்றினார். நானும் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தேன். அறையில் ஒரு கட்டில், ஒரு ஸ்டூல், சுவரில் ஒரு காலண்டர். தரை மட்டும் பளபளவென்று இருந்தது. பல கட்டடங்களில் மிச்சமான டைல்ஸ், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நிறங்கள், இடைவெளியே தெரியாமல். அந்த அம்மா இரண்டு தலையணையில் சாய்ந்திருந்தார். எனக்கு அக்கா வயது இருக்கும். மச்சானைப் பார்த்ததும் கை கூப்பினார். பேசவில்லை.

மச்சான் ஜெபம் செய்தார். மனதோடுதான் செய்தார். நான் கண்ணை மூடினேன். வாசலில் விட்டுவந்த ஷூ ஞாபகம் வந்தது. தெரு ஓரம், கதவு திறந்திருக்கிறது, நாலு பேர் போகிற வழி. ஜெபம் முழுக்க என் மனசு வாசலிலேயே நின்றது.

ஆமென் சொன்னதும் கேமராவை ஸ்டாண்டில் ஏற்றினேன். அந்த அம்மாவின் சேலை ஓரத்தில் சின்ன மைக்கைக் குத்தினேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அவர் மூச்சு என் இரண்டு காதிலும் வந்தது. இழுத்து, தடங்கி, விட்டு, மறுபடி இழுத்து. அப்படி ஒரு மூச்சை நான் ஒரு வருடமாகக் கேட்கவில்லை. வெட்டி எடுக்கும் மூச்சுகளில் அது சேரவில்லை. 

ஆஸ்பத்திரியில் என் மனைவியும் அப்படித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். தீவிர சிகிச்சை அறைக்கு வெளியே எல்லாவற்றையும் விட்டுவிட்டு வரச் சொல்வார்கள். நான் கட்டில் பக்கத்தில் நின்றேன். அவள் கண்ணைத் திறந்தாள். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ஒன்று சொன்னாள். நான் அவள் சொன்னதைச் செய்ய வெளியே போனேன். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள்.

“ரெடியா மாப்ளே?” என்றார் மச்சான். சிவப்பு விளக்கு எரிந்தது.

“ஓடுது.”

“அம்மா, மனசுல ஆண்டவர் என்ன சொல்றாரோ அதச் சொல்லுங்க. அவசரமில்ல.”

அவர் வாயைத் திறந்தார். அறையில் யாருக்கும் ஒன்றும் கேட்டிருக்காது. மச்சான் காதுக்குக் கையை வைத்துக்கொண்டு குனிந்தார். டைல்ஸ்காரர் வாசல்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். எனக்கு மட்டும் ஹெட்போனில் தெளிவாகக் கேட்டது. அவர் மச்சானைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, ஒண்ணு கேக்கலாமா? அந்த நேரத்துல அவங்களுக்கு வேற ஒண்ணுமே ஞாபகம் வரலியா? எனக்கு வருது தம்பி. எவ்வளவு தள்ளினாலும் வருது. கேஸ் சிலிண்டர் வருது. இவருக்கு ஒரு சட்டைக்கும் பட்டன் இல்ல, அது வருது. அந்தக் கிண்ணம் வருது. நான் கெட்டவளா தம்பி?”

“என்ன சொல்றாங்க மாப்ளே?”

நான் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வீட்டப் பத்திச் சொல்றாங்களா? சத்தம் பத்துதா?”

ஹெட்போனைக் கழற்றினேன். கழற்றியதும் அந்த மூச்சு தூரமாகிவிட்டது. எனக்கு அது வேண்டியிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்தேன், மறுபடி அது கேட்கும்வரை.

மச்சான் முகம் மலர்ந்தது. “அப்படியே இருங்க. ஃபிரேம் நல்லா இருக்கும். இப்ப உங்க வரியச் சொல்லிடுங்க. அதக் கேட்டா அந்தம்மாவுக்கும் தைரியம் வரும். உங்க வாயால சொல்லுங்க மாப்ளே. அவ கடைசியா என்ன சொன்னா?”

பால்கனி வந்தது. காலை வெயிலும் பிரம்பு நாற்காலியும் வந்தன. இன்னொரு வீடு மாற உடம்பில் தெம்பில்லாத மாமியார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாம் அங்கேயே இருந்தன. எதுவும் விலகவில்லை. நான் அந்த அம்மாவைப் பார்த்துத்தான் பேசினேன்.

“அக்கா, அவ நகையப் பத்திப் பேசல. மண்டபத்தப் பத்தியும் பேசல.”

“மாப்ளே” என்றார் மச்சான்.

“ஆண்டவரப் பத்திக்கூட ஒண்ணும் சொல்லல. அதுக்காக அவர் அவளக் கோவிச்சிருக்க மாட்டார்னு நெனைக்கிறேன்.”

மச்சானின் கை என் தோளில் விழுந்தது. அழுத்தியது. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது. வாசல்படியில் டைல்ஸ்காரர் அசையாமல் நின்றார். அந்த அம்மா தலையணையிலிருந்து தலையைக் கொஞ்சம் தூக்கினார்.

“அப்ப என்னதான் தம்பி சொன்னாங்க?” என்றார். இந்த முறை அறையில் எல்லாருக்கும் கேட்டது.

“என் காலப் பாத்தா. வெறுங்காலா இருந்துது. பாத்துட்டுச் சொன்னா.”

சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி பயமாக இருந்தது, எந்தக் குரலில் வருமோ என்று. அவள் குரலிலேயே வந்தது.

“புது ஷூவ வெளியிலயா விட்டுட்டு வந்த? எவனாவது மாட்டிக்கிட்டுப் போயிடப்போறான். போய் எடுத்துட்டு வா.”